ஆறு வாரம் ஆகிவிட்டது, காதணியை மாற்றலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. பத்து வாரங்களுக்கு முன்பு இரண்டு காதுச் சோணைகளிலும் வலது காதின் மேல் விளிம்பிலும் ஒரே நாளில் குத்திக்கொண்டேன். சோணைகளில் துப்பாக்கி போன்ற கருவியாலும் மேல் காதில் ஊசியாலும் குத்தினார்கள். ஆறு வாரம் கழித்துக் காதணியை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். சென்ற ஞாயிறன்று இடது காதிலிருந்த ஸ்டட்டைக் கழற்றிவிட்டு, எனக்குப் பரிசாக வந்த திருகாணித் தோட்டைப் போட முயன்றேன். முன்பக்கம் உள்ளே போனது. பின்பக்கம் வெளியே வரவே இல்லை. பத்து நிமிடம் போராடியதில் ரத்தம் வந்துவிட்டது. பயந்துபோய்ப் பழைய ஸ்டட்டையே எப்படியோ மாட்டிவிட்டேன். அந்தக் காது இப்போது லேசாக வீங்கியிருக்கிறது. வலது சோணையில் எந்தத் தொல்லையும் இல்லை. மேல் காதில் துளையை ஒட்டிச் சிறிய சிவந்த புடைப்பு ஒன்று வந்திருக்கிறது. எனக்கு வலப்பக்கம் சாய்ந்து படுத்தால்தான் தூக்கம் வரும். இன்னும் ஐந்து வாரத்தில் வீட்டில் ஒரு விசேஷம். அன்று சோணைகளில் தொங்கட்டானும் மேல் காதில் வளையமும் போட ஆசை. இடது துளை மூடிக்கொண்டுவிட்டதா? எப்போது, எப்படி மாற்றுவது? கிருமிக்கொல்லிக் களிம்பு தடவலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த வரி, பழைய ஸ்டட்டையே எப்படியோ மாட்டிவிட்டேன் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். இதே நிலைக்கு ஆளாகும் பலர், காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம் என்று எண்ணித் துளையை வெறுமையாக விட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். காலையில் கண்ணாடியில் பார்க்கும்போது ஊசிமுனை அளவில் ஒரு புள்ளிதான் மிஞ்சியிருக்கும். உங்கள் துளை பெரும்பாலும் மூடியிருக்காது, ஆனால் அதன் உட்சுவர் கிழிந்திருக்கிறது. ரத்தமும் வீக்கமும் அதனால் வந்தவை. ஒன்றை மட்டும் இன்றே சரிபார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிக் கருவியில் பொருத்தும் ஸ்டட்டின் முனை கூராக இருக்கும். பதற்றத்தில் அழுத்தும்போது அது பழைய வழியை விட்டு விலகிப் புதிதாக ஒரு வழியைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருக்கக்கூடும். இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்தோ, வேறொருவரைப் படம் எடுக்கச் சொல்லியோ சோணையின் பின்புறத்தைப் பாருங்கள். ஸ்டட் வெளிவரும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு வாய் தெரிந்தால், நீங்களாக எதையும் கழற்றாமல், குத்தியவரிடமோ தோல் மருத்துவரிடமோ காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் இடது சோணைக்கான ஆறு வாரக் கணக்கைச் சென்ற ஞாயிறிலிருந்து மறுபடியும் தொடங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஆறு வாரம் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகிவிடும். பொதுவாகத் தோலில் வெட்டுப்பட்டால் இரண்டு ஓரங்களும் ஒட்டிக்கொண்டு காயம் மூடிவிடுகிறது. காதில் குத்திய துளையோ, நடுவில் உலோகத் தண்டு குறுக்கே நிற்பதால், மூட முடியாமல் ஒரு குழாயாக ஆறவேண்டியிருக்கிறது. முன்வாயிலிருந்தும் பின்வாயிலிருந்தும் மேல்தோலின் செல்கள் தண்டைச் சுற்றி உள்நோக்கி ஊர்ந்து வந்து நடுவழியில் சந்திக்க வேண்டும். சட்டையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பதைப் போன்ற வேலை இது. துணியை வெட்டுவது ஒரு நொடியில் முடிந்துவிடும், ஓரம் முழுவதையும் நூலால் கட்டி முடிக்கும்வரை வெட்டுவாய் பிரிந்துகொண்டேதான் இருக்கும். சோணையில் இந்த உட்தோல் இணைந்து முடிவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகிறது. அப்போதும் அது உதட்டின் உட்புறத்தைப் போல மெல்லியதாகத்தான் இருக்கும். அதற்கு அடியில் உள்ள நார்த்திசு இறுகி உறுதிப்படுவதற்கு மேலும் பல மாதங்கள் தேவைப்படுகின்றன. ஆகவே ஆறாவது வாரம் என்பது மாற்றுவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம் என்ற அளவில் மட்டுமே பொருள்படும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டு வாய்களும் நன்றாக ஆறியதாகத் தெரியும், நடுப்பகுதி இன்னும் பச்சைப் புண்ணாக இருக்கும். கடைசியாக ஆறுவது நமக்குக் கண்ணில் படாத அந்த நடுப்பகுதிதான். உங்கள் இடது காதில் முன்வாய் வழிவிட்டு, தண்டு நடுவில் நின்றுபோனதன் முதல் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் நீங்கள் தேர்ந்தெடுத்த தோடு. அதை ஒரு உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். திருகு ஏறுவதற்காகத் தண்டில் வெட்டியிருக்கும் மரை, ஒரு சிறிய அரத்தைப் போல வரிவரியாக ஓரம் நீட்டிக்கொண்டிருக்கும்; நுனியும் கூர்மையின்றி மழுங்கலாக வெட்டப்பட்டிருக்கும். பல ஆண்டுகள் பழகிய காதில் அந்த மரை எந்தத் தொல்லையும் தராது. பத்து வார வயதுள்ள உட்தோலை அது உள்ளே போகும்போது ஒரு முறையும் வெளியே வரும்போது ஒரு முறையும் சுரண்டிவிடும். தண்டின் பருமனும் கவனிக்க வேண்டியது. சோணையில் முதலில் குத்தும் ஸ்டட்டின் தண்டு பெரும்பாலும் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரை இருக்கும். திருகாணித் தண்டு அதைவிடப் பருத்திருந்தால், கால் மில்லிமீட்டர் கூடுதல் என்றாலும் புதுத் துளைக்கு அது பெரிய வித்தியாசம்தான். நகை விவரங்களில் காணும் கேஜ் என்ற எண் கூடக்கூடத் தண்டு மெலியும் என்பதையும் நினைவில் வையுங்கள்: 20 கேஜ் என்பது 0.8 மில்லிமீட்டர், 18 கேஜ் 1 மில்லிமீட்டர், 16 கேஜ் 1.2 மில்லிமீட்டர். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பெரிய எண்ணைக் கேட்டு வாங்கி, துளையில் தொளதொளவென்று ஆடும் தோட்டுடன் வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

உங்களைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை. பயிற்சிக் காலத்தில் நானும் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். ஒவ்வாமையால் அரிப்பெடுத்த காதுடன் வந்த ஒரு பெண்ணின் ஸ்டட்டைக் கழற்றிவிட்டு வேறு உலோகத்தில் ஒன்றைப் போட முயன்றபோது, தண்டு பாதியில் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் என்று நினைத்து அழுத்தினேன். போனது, ஆனால் உண்மையான வாய்க்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே தோல் கூடாரம் போல எழும்பி நின்றது. என் மூத்த மருத்துவர் ஒரு வார்த்தையும் பேசாமல் தண்டை வெளியே எடுத்தார், ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை அந்தக் காதில் வைத்தார், பிறகு மழுங்கிய முனையுள்ள மெல்லிய கம்பியைப் பின்வாய் வழியாக விட்டு, முன்பக்கம் கொண்டுவந்து காட்டினார். அழுத்தி வழியை உண்டாக்கக் கூடாது, இருக்கிற வழியைத் தேட வேண்டும் என்பதை அன்றைக்கு என் விரல்கள் கற்றுக்கொண்டன.

இனி வலது சோணை. அதில் தொல்லை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தொல்லை இல்லை என்பதை நான் எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வேன் என்றால், கடந்த இரண்டு வாரங்களாகக் காலையில் எழும்போது தண்டைச் சுற்றிப் பொருக்கு கட்டுகிறதா, தலையணையில் கறை படிகிறதா, சோணையை முன்னும் பின்னுமாக விரலால் அமுக்கினால் உள்ளே ஒரு கட்டியோ வலியோ தட்டுப்படுகிறதா, குளிக்கும்போது தண்டு தானாக வழுக்கி நகர்கிறதா அல்லது தோலோடு ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று வரிசையாகக் கேட்பேன். வாயின் ஓரத்தையும் பார்ப்பேன். நன்றாக ஆறிய துளையின் ஓரம் சிறிய புனலைப் போல உள்நோக்கிக் குழிந்து, சுற்றியுள்ள தோலின் நிறத்திலேயே இருக்கும். ஆறாததன் ஓரம் சிவந்தோ கருத்தோ பளபளத்துக்கொண்டு சற்றே உப்பியிருக்கும். இதைச் சோதிப்பதற்காகத் தண்டைத் திருகிப் பார்க்க வேண்டாம். தினமும் ஸ்டட்டைச் சுற்றிவிட வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்னும் பலரிடம் உலவுகிறது. ஒவ்வொரு சுற்றும் அன்றைக்கு வளர்ந்த உட்தோலைப் பிய்த்துவிடுவதோடு, உலர்ந்த பொருக்கையும் உள்ளே இழுத்துச் செல்கிறது. இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் திருப்தியான விடை கிடைத்தால் வலது சோணையில் முதல் மாற்றத்தைச் செய்யலாம்.

முதல் மாற்றம் அலங்காரத்துக்கானதாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வழவழப்பான தண்டு, பழையதன் அதே பருமன், காதோடு ஒட்டிய சிறிய முகப்பு, இவ்வளவே அதற்குத் தேவை. தொங்கட்டானை இப்போது நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் கொக்கி பெரும்பாலும் மெல்லிய கம்பியாக இருக்கும். அதில் எடை தொங்கும்போது, நூலால் சோப்புக் கட்டியை அறுப்பது போல, துளையின் கீழ் ஓரத்தை அது சிறிது சிறிதாக அறுத்து நீட்டிவிடும். முடியிலும் உடையிலும் சிக்கி இழுபடும் ஆபத்தும் இருக்கிறது. குறைந்தது ஆறு மாதம் வரையாவது தொங்கும் நகைகளைத் தள்ளிப்போடுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் உலோகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்கே நாம் முதலில் கவலைப்பட வேண்டியது நிக்கல் என்ற பொருளைப் பற்றித்தான். ஒருமுறை நிக்கல் ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுள் முழுதும் தொடரும். கைக்கடிகாரம், இடுப்புப் பட்டையின் கொக்கி, மூக்குக் கண்ணாடிச் சட்டம் என்று தோலில் படும் எல்லாம் அதன்பின் அரிக்கத் தொடங்கும். ஆறாத துளையில் மேல்தோல் என்ற காப்பு இல்லாததால் அந்த ஒவ்வாமை தொடங்குவதற்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் இந்த வேறுபாடு துல்லியமாகத் தெரிகிறது: தோலின்மேல் நெடுநேரம் படும் பொருட்களிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் வரை நிக்கல் கசியலாம். துளைக்குள் செல்லும் தண்டுக்கோ அந்த வரம்பு 0.2 மைக்ரோகிராமுக்கும் கீழே. சர்ஜிகல் ஸ்டீல் என்ற பெயரைக் கேட்டதும் அறுவைச் சிகிச்சைக்கு உகந்தது, ஆகவே பாதுகாப்பானது என்று தோன்றும். அந்தப் பெயரில் பரவலாக விற்கப்படும் 316எல் வகை எஃகில் பத்து சதவீதத்துக்கும் மேல் நிக்கல் இருக்கிறது. நன்றாக மெருகேற்றிய எஃகு பலருக்கு ஒத்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் ஆறாத துளைக்கு நான் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

உடலுக்குள் பொருத்தும் தரத்தில் உள்ள டைட்டானியம்தான் என் முதல் தேர்வு. வாங்கும்போது ஏஎஸ்டிஎம் எஃப்136 என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று கேளுங்கள். நையோபியம் என்ற உலோகமும் நல்லது. தங்கம் என்றால் நிக்கல் கலக்காத 14 அல்லது 18 கேரட்; வெள்ளைத் தங்கத்தில் அந்த வெண்மைக்காகவே நிக்கல் சேர்க்கப்படுவது உண்டு, அதனால் விசாரிக்காமல் வாங்க வேண்டாம். 22 கேரட் தங்கம் மென்மையானது. தண்டில் எளிதில் கீறல் விழும், அந்தக் கீறல்களில் பொருக்கும் கிருமிகளும் தங்கும். வெள்ளி ஈரத்தில் கறுக்கும். ஆறாத துளையில் அது தோலுக்குள் சாம்பல்நீலக் கறையைப் பதித்துவிட்டுப் போவதும் உண்டு, அந்தக் கறையை எந்தக் களிம்பாலும் போக்க முடியாது. தங்க முலாம் பூசியதைத் தொடவே வேண்டாம். முலாம் தேய்ந்த இடத்தில் அடியிலுள்ள உலோகம் நேராகப் புண்ணைத் தொடும். சந்தேகமான நகை ஏதாவது கையில் இருந்தால், டைமெத்தில்கிளையாக்சைம் என்ற வேதிப்பொருள் கொண்ட நிக்கல் சோதனைக் கரைசலைப் பஞ்சுக்குச்சியில் நனைத்துத் தண்டின்மேல் அரை நிமிடம் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு இளஞ்சிவப்பானால் அது உங்கள் காதுக்கு உரியதில்லை.

மாற்றும் நாளன்று அவசரம் இருக்கக் கூடாது. வெளியே கிளம்பும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். குளித்து முடித்த பிறகு தோல் இளகியிருக்கும் நேரம் நல்லது. புதுத் தண்டைக் குத்துபவரிடமே நீராவி அழுத்தக் கலனில் கிருமிநீக்கம் செய்து உறையிலிட்டு வாங்கிக்கொள்வது சிறப்பு. அது முடியாவிட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிடுங்கள். இந்த ஆல்கஹால் நகைக்கு மட்டும். காதில் ஒரு சொட்டும் படவேண்டாம். கைகளைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவுங்கள். நைட்ரைல் கையுறை கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள், வழுக்காமல் பிடிக்க அது உதவும். 0.9 சதவீத சலைனில், அதாவது கிருமிநீக்கிய உப்புநீரில், நனைத்த காஸ் துணியைச் சோணையின் முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் வைத்திருந்தால் தண்டைச் சுற்றியுள்ள பொருக்கு ஊறிக் கழன்றுவிடும். இதைத் தவிர்க்காதீர்கள், தண்டில் ஒட்டியிருக்கும் காய்ந்த பொருக்கோடு அதை உருவினால் அது துளை முழுவதையும் கீறிக்கொண்டு வெளியே வரும்.

மேசையில் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் புதிய தண்டையும் அதன் பூட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, முழங்கைகளை மேசையில் ஊன்றி உட்காருங்கள். கைகழுவும் தொட்டிக்கு மேலே நின்றுகொண்டு செய்கிறவர்களின் பூட்டுகள் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்டட்டின் முகப்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பின்பக்கப் பூட்டை மறுகையால் இடவலமாக மெல்ல அசைத்து அசைத்துப் பின்னோக்கி நகர்த்துங்கள். தண்டின் நுனிக்கு அருகே ஒரு பள்ளம் வெட்டியிருப்பதால் பூட்டு அங்கே ஒருமுறை தடுக்கும். அந்த இடத்தில் வெடுக்கென்று இழுத்துத்தான் பலர் காதைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். பூட்டு வந்தபிறகு தண்டை உடனே உருவ வேண்டாம். அது எந்தக் கோணத்தில் நிற்கிறது, நுனி மேல்நோக்கிச் சாய்கிறதா, கழுத்துப் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று ஒரு கணம் கவனியுங்கள். புதியது போகவேண்டிய பாதை அதுதான். துப்பாக்கிக் கருவியால் குத்திய துளைகள் எப்போதும் சோணைக்கு நேர்செங்குத்தாக அமைவதில்லை.

பிறகு மெதுவாக உருவி எடுத்துவிட்டு, நீர் அடிப்படையிலான கிருமிநீக்கிய வழுக்குக் களியைப் புதிய தண்டின் நுனியில் தடவிக்கொள்ளுங்கள். ஒரு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சோணையின் அடியைப் பிடித்து லேசாகக் கீழ்நோக்கி இழுங்கள். வளைந்திருக்கும் வழி இதனால் நேராகும். அந்த ஆள்காட்டி விரலின் நுனி பின்வாயின் அருகில் இருக்கட்டும், தண்டின் முனை எங்கே வருகிறது என்பதை அது உங்களுக்குச் சொல்லும். காகிதத்தில் பென்சிலால் மெல்லிய கோடு இழுக்கும் அளவுக்கு மேல் விசை தேவைப்பட்டால் நீங்கள் வழியில் இல்லை. அரை மில்லிமீட்டர் பின்வாங்கி, நுனியைச் சற்று மேலாகவோ கீழாகவோ திருப்பி மறுபடி தேடுங்கள். சரியான வழியைக் கண்டுவிட்டால் தண்டு தடையில்லாமல் வழுக்கி வரும். அந்த உணர்வை ஒருமுறை அறிந்துகொண்டவருக்குப் பிறகு சந்தேகமே வராது.

மூன்று முறை தேடியும் கிடைக்கவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். வலியோ ரத்தமோ வந்தால் முதல் முறையிலேயே நிறுத்துங்கள். பழைய ஸ்டட்டைச் சலைனில் துடைத்து அதே கோணத்தில் திரும்பப் போடுங்கள். முன்பக்கம் வழிவிடாவிட்டால், முகப்பு இல்லாத மழுங்கிய நுனித் தண்டு கைவசம் இருப்பவர்கள் அதைப் பின்வாய் வழியாக ஒருமுறை முயலலாம். அதுவும் போகவில்லையென்றால் அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள், குத்தியவரிடம் போய்விடுங்கள்; கூம்பு போலச் சரிந்த மெல்லிய கம்பியை முதலில் விட்டு, அதைத் தொடர்ந்து தண்டை உள்ளே கொண்டுபோகும் முறை அவர்களுக்குத் தெரியும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் திரும்பக் குத்தவேண்டி வரும், அதற்கும் பல வாரம் காத்திருக்க வேண்டும்.

தண்டு போய்விட்டால் பூட்டை இறுக்கி அழுத்தாதீர்கள். பூட்டுக்கும் தோலுக்கும் நடுவே ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். இறுக்கமாகப் போட்ட பூட்டு, காது சற்று வீங்கினாலும் தோலுக்குள் புதைந்துவிடும். அப்படிப் புதைந்த பூட்டை மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அடுத்த மூன்று நாட்கள் காதைப் புதிதாகக் குத்தியது போலவே பாவித்து, காலையும் மாலையும் சலைன் தெளித்துச் சுத்தமான காஸ் துணியால் ஒற்றி உலரவையுங்கள்.

களிம்பு வேண்டாம். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு துளையின் வாயை அடைத்து, உள்ளிருந்து கசியும் நீர் வெளியேறவிடாமல் செய்யும். அத்தகைய களிம்புகள் பலவற்றில் உள்ள நியோமைசின், தோல் ஒவ்வாமையை உண்டாக்குவதில் பெயர்பெற்றது. களிம்பு தடவத் தடவ அரிப்பு கூடுகிறதே என்று வருகிறவர்களில் சிலருக்கு நோயே அந்தக் களிம்புதான். ஹைட்ரஜன் பெராக்சைடும் மருந்து ஆல்கஹாலும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் செல்களையும் கொல்லும். வீட்டில் உப்பைக் கரைத்துப் பயன்படுத்துகிறவர்கள் கை தாராளமாக அள்ளிப்போட்டுத் தோலை வறட்டிவிடுகிறார்கள். கிருமிநீக்கிய சலைன் தெளிப்பான் போதும்.

மேல் காதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். மேல் விளிம்பு குருத்தெலும்பால் ஆனது. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய்கள் இல்லை. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் அதற்கு ஊட்டம் வருகிறது. அதனால் சோணைக்கு ஆறு வாரம் என்றால் அதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகிறது. ஒரே நாளில் குத்திக்கொண்டதால் இரண்டும் ஒரே நாளில் ஆறும் என்று எதிர்பார்ப்பது இயல்பு, ஆனால் இவை இரண்டு வேறு வகைத் திசுக்கள். ஐந்து வாரத்தில் அங்கே வளையம் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வளையம் ஓரிடத்தில் நிற்காது. ஒவ்வொரு முறை சுழலும்போதும் வெளியே உலர்ந்ததை உள்ளே கொண்டுபோகும், அதன் வளைவு நேரான துளையின் இரு வாய்களையும் எதிரெதிர்ப் பக்கமாக அழுத்தும்.

அங்கே வந்திருக்கும் புடைப்பு, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அழுத்தத்தால் வந்த எரிச்சல் புடைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குத்தும் நாளில், வீக்கத்துக்கு இடம் விட்டு நீளமான தண்டைப் போடுவார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் வீக்கம் வடிந்ததும் அதே பருமனில் குட்டையான தண்டாக மாற்ற வேண்டும். இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நீளத் தண்டு தலையணையில் பட்டுச் சாய்ந்து, இரவு முழுவதும் துளையின் ஓரத்தை நெம்பிக்கொண்டிருக்கிறது. இந்த மாற்றத்தை வீட்டில் செய்ய வேண்டாம். குத்தியவரே செய்யட்டும், பின்பக்கம் தட்டையான தகடு உள்ள தண்டைக் கேளுங்கள். இடப்பக்கம் சாய்ந்து படுக்க முடியாவிட்டால், நடுவில் துளையுள்ள பயணத் தலையணையின் பள்ளத்தில் காது அமையும்படி படுங்கள். அழுத்தம் விலகிய பின் சில வாரங்களில் புடைப்பு வற்றத் தொடங்கவேண்டும். மாறாக, அது துளையின் எல்லையைத் தாண்டிப் பரவி, கெட்டியாகி, மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே போனால் அது கெலாய்டு தழும்பாக இருக்கலாம். உங்களுக்கோ பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ மார்பிலோ தோளிலோ அத்தகைய தழும்பு இருந்தால் காத்திருக்காமல் இப்போதே காட்டுங்கள்.

இதைவிட அவசரமானது குருத்தெலும்பு உறையில் கிருமி தொற்றுவது. மேல் காது சிவந்து, சூடாகி, தொட்டாலே உயிர் போகும்படி வலிக்கும். சோணை மட்டும் எப்போதும் போல இருக்கும். அந்த வேறுபாடுதான் அடையாளம். இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது சூடோமோனாஸ் என்ற கிருமி, அது தோல் புண்களுக்கு வழக்கமாகத் தரும் பல மாத்திரைகளுக்கு அடங்காது. ஆகவே நீங்களாக மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். தாமதித்தால் குருத்தெலும்பு அழுகிக் காதின் வடிவமே சுருங்கிப்போகக்கூடும். சோணையிலும் சிவப்பு பரவினாலோ, மஞ்சள் பச்சை நிறத்தில் சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அதேபோல் காட்டவேண்டும். எந்த நிலையிலும் நீங்களாக நகையைக் கழற்ற வேண்டாம். வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். கழற்றுவதா இல்லையா என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். காலையில் காணும் வெளிர் நிறப் பொருக்கைச் சீழ் என்று எண்ணிப் பயப்படவும் வேண்டாம், அது காயம் ஆறும்போது கசியும் ஊன்நீர் உலர்ந்தது.

விசேஷத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அன்றைக்கு இடது சோணையின் புதுக் கணக்கில் ஆறு வாரம் முடிந்திருக்காது. ஒரு காதில் ஒன்றும் மறு காதில் இன்னொன்றுமாக நிற்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள் என்பதால், வலது சோணையையும் அதுவரை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு பழைய ஸ்டட்டுகளையும் சலைனில் நனைத்த காஸ் துணியால் துடைத்துப் பளிச்சென்று வைத்துக்கொள்வதே நல்லது. கவ்விப் பிடிக்கும் வகை நகை சோணையை நசுக்கும், அது வேண்டாம். மேல் காதில் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. குட்டைத் தண்டு வாங்கும்போது, முகப்பு மட்டும் தனியாகக் கழன்று வரும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். விசேஷத்துக்கு முந்தைய நாள் குத்தியவரிடம் போனால், தண்டை அசைக்காமல் முகப்பை மட்டும் கல் பதித்த ஒன்றாக மாற்றித் தருவார். பரிசாக வந்த திருகாணித் தோட்டைப் பொற்கொல்லரிடம் கொடுத்து, மரை நுனியில் மட்டும் இருக்கும்படியும் மீதித் தண்டு வழவழப்பாக இருக்கும்படியும் மாற்றித் தரச் சொல்லுங்கள். இடது காது ஆறு மாதம் தொல்லையின்றிக் கடந்த பிறகு அதை முதல்முறை போடும்போது, சில மணி நேரம் மட்டும் போட்டுக்கொண்டு, இரவு படுப்பதற்கு முன் கழற்றிவிட்டு டைட்டானியத் தண்டை மாட்டிக்கொள்ளுங்கள்.